அரட்டையும் ஒரு சாட்சியமே



வணக்க வழிபாடுகளில் தவறு நேர்ந்துவிடக் கூடாதே என்று நாம் அஞ்சுகிறோம். ஒளுவில் ஓர் இடம் நனையாமல் விட்டுப் போயிற்றோ என்ற ஐயம் வந்தால் மறுபடியும் ஒளுச் செய்கிறோம். தொழுகையில் ரக்அத்தின் எண்ணிக்கை மறந்தால் ஸஜ்தா ஸஹ்வு செய்கிறோம். ஆனால் ஸலாம் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசல் திண்ணைக்கு வந்து அமர்ந்தவுடன், நம் நாவுக்கு அந்த அச்சம் விட்டுப் போய்விடுகிறது.

எந்தச் செல்போன் நல்லது, எந்தக் கம்பெனி நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறது, கம்ப்யூட்டர் வேலை இன்னும் எத்தனை நாள் நிலைக்கும், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதா, கம்பெனிப் பயிற்சிக்கு அனுப்புவதா என்று எதைக் கேட்டாலும் நம்மிடம் விடை தயாராக இருக்கிறது. விடை மட்டுமா? அதை ஏற்காதவர் மீது கோபமும் தயாராக இருக்கிறது. கேட்டால், "இது துன்யா விஷயம்தானே, இதில் மார்க்கம் எங்கே வந்தது?" என்கிறோம். இந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்பதே இம்மாதப் பாடம்.

பிரானூரில் மூண்ட வாக்குவாதம்

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தென்காசியில் ஒரு நிக்காஹ் வைபவத்திற்குச் சென்றிருந்தோம். மறுநாள் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாருமாகச் சேர்ந்து குற்றாலத்திற்குப் புறப்பட்டார்கள். சீசன் முடிந்துவிட்டாலும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்ததால் ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. எல்லோரும் குளித்துவிட்டு, செங்கோட்டைப் பாதையில் பிரானூருக்கு வந்து, புரோட்டாவும் கோழியுமாகச் சாப்பிட அமர்ந்தோம். அதுவரை எல்லாம் மகிழ்ச்சியாகவே இருந்தது.

அக்குடும்பத்தின் மருமகப் பிள்ளை ஒருவர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அவர்தான் பேச்சை எடுத்தார். "மாமா, குடும்பக் குழுவை வாட்ஸ்அப்பிலிருந்து அரட்டைக்கு மாற்றிவிடுவோம். நம்ம மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனி செய்தது. வெளிநாட்டுக்காரன் நாம் எழுதுகிறதை எல்லாம் படித்து விற்றுக்கொண்டிருக்கிறான்" என்றார்.

பல ஆண்டுகள் வளைகுடாவில் வியாபாரம் செய்து ஊர் திரும்பிய மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம். இந்தக் கம்பெனிக்காரர்கள்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து அரசாங்கத்துக்கு அனுப்புகிறார்கள். எனக்கு நேற்றே செய்தி வந்துவிட்டது" என்றார்.

"யார் அனுப்பிய செய்தி மாமா?"

"யார் அனுப்பினால் என்ன? நாலு பேர் அனுப்பிவிட்டார்கள்."

இதற்குப் பிறகு பேச்சு செயலியைப் பற்றியதாக இல்லை. போன் பிடிக்கத் தெரியாதவர் என்று ஒருவர் சொல்ல, நாலு காசு சம்பளம் வந்ததும் பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லை என்று மற்றவர் சொல்ல, பழைய வீட்டுக் கணக்குகளும் வெளியே வந்தன. சாப்பாடு பாதியில் நின்றது. அன்று முதல் மாமாவும் மருமகனும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவே சிக்கியவர், மாமாவுக்குத் தங்கையும் மருமகனுக்குத் தாயுமான அந்த அம்மையார்தான். அவருடைய கண்ணீருக்குக் காரணம், இரண்டு கம்பெனிகளின் செயலிகள்!

நாமும் அங்கே அமர்ந்திருந்தோம். இருவரையும் சமாதானப்படுத்த முயன்றோம். ஆனால் அவர்கள் சொன்னதில் எது உண்மை, எது ஊகம் என்று எடுத்துச் சொல்லும் அறிவு அப்போது நம்மிடமும் இல்லை. பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே வைக்கிறோம்.

சண்டைக்குரிய பொருள்

மத்தளம்பாறை, குற்றாலத்திற்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் ஸோஹோ என்று பெயர் மாறிய கம்ப்யூட்டர் நிறுவனம், 2011இல் அங்கே ஒரு சிறு அலுவலகத்தை அமைத்தது. அது பின்னர் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடமாக வளர்ந்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அப்பகுதியிலேயே குடியேறினார். அந்நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட செய்திச் செயலியின் பெயர்தான் "அரட்டை".

அதே 2021 ஜனவரியில், வாட்ஸ்அப் தன் தகவல் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததால் நாடெங்கும் சலசலப்பு எழுந்தது. பலர் வேறு செயலிகளுக்கு மாறினார்கள். பிறகு அது அடங்கிற்று. 2025 செப்டம்பர் கடைசியில் மறுபடியும் அலை எழுந்தது. உள்நாட்டுச் செயலியைப் பயன்படுத்துங்கள் என்ற பேச்சு ஓங்கியது. நாளொன்றுக்கு 3,000 பேர் என்றிருந்த புதிய சேர்க்கை, மூன்றே நாளில் 3,50,000 ஆகப் பெருகியது என்று ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். பிரானூர்ச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது இந்த அலைதான்.

பூட்டு என்றால் என்ன?

இரு தரப்பாரும் வாதாடியது ஒரு பூட்டைப் பற்றி. அதை எளிமையாகச் சொல்கிறோம்.

தென்காசியிலிருக்கும் தாய், ரியாத்திலிருக்கும் மகனுக்கு ஒரு கடிதத்தைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறையில், வழியில் திருடர்கள் திறக்க முடியாதபடி பெட்டி பூட்டப்படுகிறது. ஆனால் அப்பூட்டின் சாவி தபால் நிலையத்தாரிடமும் இருக்கிறது. வேண்டுமென்றால் அவர்கள் திறக்கலாம். இன்னொரு முறையில், தாயிடமும் மகனிடமும் மட்டுமே சாவி இருக்கிறது. சுமந்து செல்லும் தபால் நிலையத்தார் நினைத்தாலும் திறக்க முடியாது. இந்த இரண்டாவது முறையைத்தான் முனைக்கு முனை மறைபூட்டு என்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் இந்த இரண்டாவது பூட்டு 2016ஆம் ஆண்டு முதலே எல்லாச் செய்திகளுக்கும் உண்டு. எனவே, "எழுதுவதை எல்லாம் படித்து விற்கிறான்" என்று மருமகன் சொன்னது சரியன்று. ஆனால் அதனால் அந்த நிறுவனத்திற்கு நம்மைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றும் ஆகாது. பெட்டிக்குள் இருப்பது தெரியாவிட்டாலும், யார் யாருக்கு எப்போது பெட்டி அனுப்பினார் என்பது சுமப்பவருக்குத் தெரியக்கூடியதே. வாட்ஸ்அப்பை 2014இல் வாங்கிய ஃபேஸ்புக் நிறுவனம், இன்று மெட்டா என்ற பெயரில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கொள்கை தொடர்பாக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அந்நிறுவனத்திற்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்கும் சென்றது. ஆகவே மருமகனின் கவலைக்கு அடிப்படை இருந்தது. அவர் சொன்ன வாசகம்தான் தவறு.

அரட்டையிலோ 2025 அக்டோபரில் குரல், வீடியோ அழைப்புகளுக்கு அந்தப் பூட்டு இருந்தது. சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இந்தக் குறையை நிறுவனமும் மறைக்கவில்லை; பூட்டைக் கொண்டுவரும் வேலை நடப்பதாகச் சொன்னது. எனவே மாமாவின் அச்சத்திற்கும் அடிப்படை இருந்தது. ஆனால் "படிக்க முடியும்" என்பது வேறு, "படிக்கிறார்கள், அனுப்புகிறார்கள்" என்பது வேறு. பக்கத்து வீட்டுக்காரரிடம் நம் வீட்டுச் சாவி இருக்கிறது என்பதற்காக அவரைத் திருடர் என்று சொல்லலாமா? சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அது முன்னெச்சரிக்கை. திருடர் என்றால் அது அவதூறு. அவ்வளவு தூரம் வித்தியாசம் உண்டு.

நான்கு வகைப் பேச்சு

இந்த நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தால், கம்ப்யூட்டரைப் பற்றி நாம் பேசுவது எல்லாம் நான்கு வகைக்குள் அடங்கும்.

முதலாவது, சோதித்து அறியக்கூடிய செய்தி. இந்தச் செயலியில் பூட்டு உண்டா இல்லையா என்பது இவ்வகை.

இரண்டாவது, வாக்குறுதி. "உங்கள் தகவலை விற்க மாட்டோம்" என்று ஒரு நிறுவனம் சொல்வது. அது வாக்குறுதிதான், நிறைவேறிவிட்டதற்கு அத்தாட்சி அன்று. பொய் என்று சொல்வதற்கும் நமக்கு ஆதாரம் வேண்டும்.

மூன்றாவது, ஊகம். இன்னும் பத்தாண்டில் கம்ப்யூட்டர் வேலையே இருக்காது என்பதும், எல்லா வேலையும் கிராமத்துக்கு வந்துவிடும் என்பதும் இவ்வகை. கைபையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் உறுதியாகச் சொன்னாலும் ஊகம் ஊகமே.

நான்காவது, விருப்பம். ஒருவருக்கு உள்ளூர்ப் பொருள் பிடிக்கும். ஒருவருக்குப் பழகிய பொருள் பிடிக்கும். இதில் சரி, தவறு என்பதே இல்லை.

நம் சண்டைகளில் பெரும்பாலானவை, நான்காவதை முதலாவதைப் போல் பேசுவதால் வருகின்றன. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் ஒருவரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அதையே "அவர்கள் படிக்கிறார்கள்" என்று சாட்சி சொல்வதுபோல் சொல்லும்போதுதான் வினை விளைகிறது.

சாட்சி என்ற சொல்லை நாம் காரணத்தோடுதான் பயன்படுத்துகிறோம். மனிதன் மொழியும் ஒவ்வொரு சொல்லும் பதிவு செய்யப்படுகிறது என்பதை காஃப் அத்தியாயத்தின் 18ஆம் வசனம் அறிவிக்கிறது. அறிவில்லாததைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. இவற்றில் "துன்யா விஷயம் நீங்கலாக" என்ற விதிவிலக்கு எங்கும் இல்லை. அரட்டை என்று நாம் பெயர் வைத்துக்கொண்டாலும், மலக்குகளின் ஏட்டில் அது சாட்சியமாகவே ஏறுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிறர் அந்தரங்கத்தைத் துருவிப் பார்ப்பதும், தீய எண்ணம் கொள்வதும், புறம் பேசுவதும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் ஒன்றாகத் தடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தரங்கம் பாதுகாக்கப்பட வேண்டும் என்று மாமா கவலைப்பட்டது மார்க்கத்திற்கு உகந்ததே. ஆனால் அதே வசனம் தடுத்த தீய ஊகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தரங்கத்தைக் காக்கப் புறப்படுவது எப்படிப் பொருந்தும்?

தெரிந்தவரிடம் கேட்ட பெரியோர்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதைக் கண்டார்கள். அப்படிச் செய்யாவிட்டாலும் நன்றாக இருக்கலாமே என்ற கருத்தில் ஒரு சொல் சொன்னார்கள். தோழர்கள் அதை விட்டுவிட்டார்கள்; அவ்வாண்டு விளைச்சல் குறைந்தது. விஷயம் தெரிய வந்தபோது, தாம் சொன்னது ஓர் எண்ணமே என்றும், உலகத் தொழில் விஷயத்தை அவர்களே நன்கு அறிந்தவர்கள் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. படைப்பினங்களில் மேலானவர்களே, எண்ணத்தையும் உறுதியான செய்தியையும் இப்படிப் பிரித்துக் காட்டியிருக்கும்போது, நாம் எம்மாத்திரம்?

ஒலிபெருக்கி புதிதாக வந்த காலத்தில், அதை வைத்துத் தொழலாமா என்று உலமாக்களிடையே பெரிய விவாதம் நடந்தது. இமாமின் குரலே பெரிதாகிக் கேட்கிறதா, அல்லது அது வேறொரு குரலா என்பதே கேள்வி. தேவ்பந்தில் முஃப்தியாக இருந்து, பின்னர் பாகிஸ்தானில் வாழ்ந்து 1976இல் மறைந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள், முதலில் அதனால் தொழுகை கூடாது என்ற கருத்தில் இருந்தார்கள். பின்னர் அக்கருவி வேலை செய்யும் விதத்தை அத்துறை அறிந்தவர்களிடம் விசாரித்து, தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய மேதைக்கு விசாரிப்பது குறைவாகத் தோன்றவில்லை. மாற்றிக்கொள்வதும் அவமானமாகத் தோன்றவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, தம்மிடம் கேட்கப்பட்ட மார்க்கக் கேள்விகளுக்கே பலமுறை "தெரியாது" என்று விடை சொன்னவர்கள். கம்ப்யூட்டர்க் கேள்விக்குத் "தெரியாது" என்று சொல்ல நம் வாய்க்கு மட்டும் ஏன் வலிக்கிறது?

செய்திக்கும் தேதி உண்டு

இங்கே நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரானூர் நிகழ்ச்சிக்குப் பின் விசாரித்துத் தெரிந்துகொண்டோம் என்று சொன்னோம் அல்லவா? அந்த அறிவில் சற்றுப் பெருமையும் வந்துவிட்டது. டிசம்பர் மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு சிலர் கேட்டபோது, "அரட்டையில் எழுத்துச் செய்திக்குப் பூட்டு கிடையாது" என்று அடித்துச் சொன்னோம். கேட்டவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். மறுநாள் இளம் சகோதரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, மிகுந்த பணிவோடு, "நீங்கள் சொன்னது அக்டோபரில் சரி. நவம்பரிலேயே இருவருக்கிடையிலான செய்திகளுக்கு அந்தப் பூட்டு வந்துவிட்டது" என்றார். விசாரித்தோம். அவர் சொன்னதே சரி.

பொய் சொல்லும் நிய்யத் நமக்கு இல்லை. ஆனால் சொன்னது உண்மையும் இல்லை. கேட்டதை எல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழி அன்றுதான் நம்மைச் சுட்டது. கம்ப்யூட்டர் உலகில் ஒரு செய்தி பாலைப் போன்றது. காலையில் நல்லதாக இருந்தது மாலையில் திரிந்திருக்கும். ஆகவே ஹதீஸ் கலை மேதைகள் ஒவ்வோர் அறிவிப்புக்கும் சனதைக் கேட்டதுபோல, நாம் இத்தகைய செய்திக்கு இரண்டைக் கேட்க வேண்டும்: சொன்னவர் யார்? எந்தத் தேதியில் சொன்னார்? நாலு பேர் அனுப்பினார்கள் என்பது சனது ஆகாது. ஒரே பொய்யை நாலு பேரும் ஓரிடத்திலிருந்து வாங்கி அனுப்பியிருக்கலாம்.

அடுத்த ஜும்ஆவில், அதே இடத்தில், அதே மக்களிடம் நம் சொல்லைத் திருத்திச் சொன்னோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையை மறைத்தவர்களின் தவ்பாவைப் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 160ஆம் வசனம், வருந்துவதோடும் திருந்துவதோடும் நிறுத்தாமல், தெளிவுபடுத்துவதையும் சேர்த்தே சொல்கிறது. தவறான செய்தியை நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, தனியறையில் இஸ்திக்ஃபார் ஓதினால் மட்டும் அந்த நூறு பேருக்கு உண்மை எப்படிப் போய்ச் சேரும்?

ஆளைப் பிடிக்காவிட்டாலும்

இந்த விவாதங்களில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவின் அரசியல், சமூகக் கருத்துகள் சிலருக்கு உடன்பாடானவை, சிலருக்கு மாறுபாடானவை. அதேபோல் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் நிறுவனங்களின் அதிபர்களைப் பற்றியும் நமக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் உண்டு. அவர்களுடைய பொருளை வாங்குவதும் விடுவதும் ஒருவர் தம் மனச்சாட்சிப்படி செய்துகொள்ள வேண்டியது. அதில் நாம் தலையிடவில்லை.

ஆனால் ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பூட்டு இருந்தும் இல்லை என்று சொல்லலாகாது. நம் ஊருக்கு வேலை கொடுக்கிறார்கள் என்பதற்காகப் பூட்டு இல்லாதபோது உண்டென்றும் சொல்லலாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் கற்பிக்கும் பாடம். நமக்கும் நம் உற்றாருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதியின் மீது நிற்க வேண்டும் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கற்பிக்கும் பாடம். வெறுப்பு ஒரு கண்ணை மறைக்கிறது. ஊர்ப்பற்று மற்றொரு கண்ணை மறைக்கிறது. இரண்டும் திறந்திருந்தால்தானே பார்வை?

பிள்ளைகளின் எதிர்காலமும் இதில் இருக்கிறது

இது வெறும் வாய்ச்சண்டையோடு முடிவதில்லை. வீட்டுப் பிள்ளைகளின் வாழ்வையும் இது தொடுகிறது.

ஸோஹோ நிறுவனம் இருபதாண்டுகளாகப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தி வருகிறது. தென்காசிப் பகுதியிலும் அது உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு அல்லது டிப்ளமா முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை. இதைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சைக் கேட்க வேண்டுமே! "இனிப் படிப்பே தேவையில்லை" என்கிறார் ஒருவர். "பட்டம் இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்கிறார் மற்றொருவர்.

பட்டம் வேண்டாம் என்பதும் கல்வி வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. அங்கேயும் கணக்கும், ஆங்கிலமும், கம்ப்யூட்டர் நிரல் எழுதுவதும் கற்றுத்தான் ஆக வேண்டும். தேர்வுக்கு வருகிற எல்லோருக்கும் இடமும் கிடைப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் பயிற்சி அங்கே உடனே பயன்படும். பட்டமோ வேறிடங்களிலும் கதவைத் திறக்கும். இரண்டிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை, பிள்ளையின் நாட்டம், குடும்பத்தின் வசதி, துறை அறிந்தவரின் ஆலோசனை ஆகியவற்றை வைத்து மஷ்வரா செய்து, இஸ்திகாராத் தொழுது முடிவு செய்ய வேண்டும். பெரியப்பாவும் சித்தப்பாவும் மோதி, யார் குரல் உயர்ந்ததோ அவர் சொன்ன பக்கம் பிள்ளையைத் தள்ளுவது அமானித மோசடி அன்றோ? குழந்தைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள்; நம் வாதத்தின் வெற்றிக்கு அத்தாட்சிகள் அல்லர்.

காணாமற்போன ஒட்டகம்

அப்படியானால் இவற்றைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம், பேசவும் வேண்டும். பேசாவிட்டால் உண்மை எப்படி வெளிப்படும்? ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்விப் பகுதியில் விவாதத்தின் நிபந்தனைகளை விவரிக்கிறார்கள். உண்மையைத் தேடி விவாதிப்பவர், தம் பொருளைத் தொலைத்துவிட்டுத் தேடுபவரைப் போல இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தொலைந்த ஒட்டகத்தைத் தேடுகிறவர், அதைத் தாம் கண்டுபிடித்தாலும் துணைக்கு வந்தவர் கண்டுபிடித்தாலும் மகிழ்ச்சியே அடைவார். துணைவர் கண்டுபிடித்துவிட்டாரே என்று அவரோடு சண்டைக்கு நிற்பாரா? நம் விவாதங்களில் எதிரே இருப்பவர் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டால் நம் முகம் சுருங்குகிறது என்றால், நாம் ஒட்டகத்தைத் தேடி வரவில்லை என்பதே பொருள்.

தன் பக்கம் உண்மை இருந்தும் வீண் தர்க்கத்தை விட்டுவிடுபவருக்குச் சுவனத்தில் ஒரு வீட்டுக்குத் தாம் பொறுப்பு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியதாக அபூதாவூதில் வந்திருக்கிறது. ஒரு செயலியைப் பற்றிய வாதத்தில் வெல்வதற்காகச் சுவனத்து வீட்டை விற்றுவிடும் வியாபாரி நம்மில் யார்?

ஆகவே, இத்தகைய பேச்சு எழும்போது வீடுகளில் இந்த ஐந்தையும் கடைப்பிடிப்போமாக:

1. சொல்லப்போவது சோதித்த செய்தியா, வாக்குறுதியா, ஊகமா, விருப்பமா என்று முதலில் தனக்குள் கேட்டுக்கொள்வது.

2. சொன்னவர் யார், தேதி என்ன என்று தெரியாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருப்பது.

3. துறை அறிந்தவர் வீட்டில் இளையவராக இருந்தாலும் அவரிடம் கேட்பது. அவரும் மூத்தவரின் மரியாதை குறையாமல் விடை சொல்வது.

4. பேச்சு பொருளை விட்டு ஆளுக்குத் திரும்பிய உடனே நிறுத்திக்கொள்வது.

5. தவறு தெரிந்தால், சொன்ன இடத்திலேயே திருத்திச் சொல்வது.

பிரானூரில் பிரிந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். சகோதரரோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகாது என்ற நபிமொழியை அந்த அம்மையார் இருவருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். மாதங்கள் கடந்தன. ரமளான் பிறை பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்பு, மருமகன் சென்னையிலிருந்து வந்து நேரே மாமா வீட்டுக்குப் போனார். "வாட்ஸ்அப்பில் நாம் எழுதுவதைப் படிக்கிறார்கள் என்று அன்றைக்கு நான் சொன்னது தப்பு மாமா. பூட்டு பற்றி நீங்கள் பயந்தது சரிதான். இப்போது அதுவும் வந்துவிட்டது" என்றார். மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவர்கள் படித்ததை நானும் கண்டேனா? எவனோ அனுப்பினான், நான் நம்பினேன். அதை விடு, சாப்பிட்டாயா?" என்றார்.

மாமா இன்றும் பழைய செயலியில்தான் இருக்கிறார். மருமகன் புதியதில் இருக்கிறார். ஒருவரையொருவர் மாற்றவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் மருமகன் மாமாவை அழைத்து ஸலாம் சொல்கிறார். எந்தச் செயலியில் அழைக்கிறார் என்று நாம் கேட்கவில்லை.

அறிந்ததை மட்டும் பேசி, அறியாததைக் கேட்டுத் தெரிந்து, பேசிய தவறைத் திருத்திக்கொள்ளும் நற்பண்பை வல்ல நாயன் நம் அனைவருக்கும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! உறவுகளை அறுக்காமல் சேர்த்து வைப்போர் கூட்டத்தில் நம்மை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.